வீட்டுக் காலண்டருக்குள் ஒரு கியர் சைக்கிள்: கிருஷ்ணகிரி, தருமபுரி குடும்பஸ்தர்களுக்கு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கு மலை சைக்கிள் ஓட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே மாந்தோப்பு வண்டிப்பாதை, ஏரிக்கரை, கே.ஆர்.பி. அணையிலிருந்து பிரியும் கால்வாய்க் கரை, கரட்டுச் சரிவு என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை இருக்கிறது. பஞ்சம் நேரத்துக்குத்தான். ஓசூர் சிப்காட்டுக்கு கம்பெனி பஸ் பிடித்துப் போய் வருகிறவருக்கு, பயணத்தோடு சேர்த்து நாளில் பாதி வெளியிலேயே கழிந்துவிடுகிறது. மீதியில்தான் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அம்மாவின் சுகர் மாத்திரை, மாதக் கடைசிக் கணக்கு எல்லாம்.

இப்படி இருக்கிறவரிடம் "மனசு வெச்சா நேரம் கிடைக்கும்" என்று சொல்வது எந்த உதவியும் இல்லை. நேரத்தை வீட்டாரோடு உட்கார்ந்து பேசித்தான் வாங்க வேண்டும். வாங்கிய நேரத்தில் ஐந்து நிமிடம்கூட வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சைக்கிளும் வாட்ச்சும் லைட்டும் அதற்குத்தான். நேரத்தை மிச்சம் பண்ணாத, உயிரைக் காக்காத கருவிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

முதல் படி: சைக்கிள் வாங்கும் முன் காலண்டரை எடுங்கள்

சமையலறைச் சுவரில் பால் கணக்கும் கேஸ் புக் பண்ணிய தேதியும் எழுதுகிற மாதக் காலண்டர் இருக்கும். அதைக் கழற்றி நடுவில் வைத்து, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் உட்காருங்கள். முதலில் ஓட்ட முடியாத நாட்களைக் குறியுங்கள். "ஏங்க, செவ்வாக்கிழமை ஒகேனக்கல் தண்ணி வர்ற நாளு, அன்னைக்கு நீங்க இருக்கணும்" என்று மனைவி சொன்னால் செவ்வாய் போயிற்று. பேச்சே வேண்டாம். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு இருக்கும் மார்ச், ஏப்ரல். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அறுவடையும் கூழ் தொழிற்சாலை லோடும் ஓடும் கோடை மாதங்கள். கல்யாணங்கள் வரிசை கட்டும் வைகாசி, ஆவணி. இவற்றை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் பிறகு சண்டைக்கு இடமிருக்காது.

அடித்தது போக மிஞ்சுவதில் வாரத்துக்கு மூன்று இடம் தேடுங்கள். வார நாளில் 40 நிமிடம் வீதம் இரண்டு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒன்று. மொத்தம் 200 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நம் 200 அதற்குள் வசதியாக அடங்கிவிடும். இதைவிட அதிகமாகக் கேட்டு வாங்கிப் பாதி நாள் போகாமல் இருப்பதைவிட, இதைக் கேட்டு எல்லா நாளும் போவது மேல்.

ஷிப்டுக்காரர்கள் கிழமையை வைத்துத் திட்டம் போடக் கூடாது, ஷிப்டை வைத்துப் போட வேண்டும். காலை ஷிப்ட் வாரத்தில் மாலை வெயில் தாழ்ந்த பிறகு. மதிய ஷிப்ட் வாரத்தில் விடியற்காலை. நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் சைக்கிளைத் தொடவே வேண்டாம். தூங்காத கண்ணோடு லாரி ஓடும் ரோட்டில் இறங்குவது வீட்டுக்குச் செய்யும் துரோகம். அந்த வாரம் தூங்கி எழுந்த பிறகு வீட்டிலேயே உடற்பயிற்சி போதும்.

இன்னும் இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒன்று, திரும்பும் நேரம். ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் ஏழு. கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது இல்லையா, அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும். பாதித் தூரம் போகவில்லை என்றாலும் நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும். இரண்டு, நீங்கள் வாங்கிய அதே அளவு நேரம் துணைக்கும் உண்டு. அவர் நடக்கப் போகலாம், யோகாவுக்குப் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம், அது அவர் இஷ்டம். அந்த நேரத்தில் காலை டிபனும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. இந்த ஏற்பாடு இல்லாத வீடுகளில் சைக்கிள் சில மாதங்களில் மாடிப்படிக்குக் கீழே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: நம் மண்ணுக்கான சைக்கிள்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில் போதும். பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த மலிவு மாடல் கடையில் கம்பீரமாகத்தான் நிற்கும். ஆனால் எடை கூடும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் 100 மி.மீ. அமுங்கி எழுந்தால் கால்வாய்க் கரைக்கும் தோப்புப் பாதைக்கும் தாராளம். சக்கரம் உயரமானவர்களுக்கு 29 அங்குலம், மற்றவர்களுக்கு 27.5. டிஸ்க் பிரேக் கட்டாயம். பட்ஜெட் இடம் கொடுத்தால் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக். இல்லையென்றால் கேபிள் டிஸ்க்கும் மோசமில்லை, நம் ஊர் மெக்கானிக்குகளே சரிபண்ணிவிடுவார்கள்.

ஃபிரேம் அளவை உயரம் பார்த்து எடுங்கள். கடையிலேயே ஏறி உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். அப்படி சீட்டை வைத்துவிட்டு, முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளை விட்டவர்கள் பலருக்கு சீட் தாழ்வாக இருந்ததுதான் காரணம்.

இனி முள். நம் மாவட்டங்களில் பஞ்சர்தான் நேரத்தைத் தின்னும் முதல் எதிரி. கரையோரமெல்லாம் வேலிக்காத்தான், தரிசில் நெருஞ்சி. நெருஞ்சிக் காய் உடைந்து சிதறும்போது ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கும்படி கிடக்கும். 40 நிமிடத்தில் 20 நிமிடம் பஞ்சருக்குப் போனால் அந்தக் காலையே போயிற்று. அதனால் காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்: சீலன்ட் ஊற்றிய டியூப்லெஸ் டயர். சிறு முள் ஏறினால் திரவம் உள்ளிருந்தே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும், ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

டியூபோடு ஓட்டுகிறவர்கள் ஒரு வேலையைக் கற்றே ஆக வேண்டும். டயரைக் கழற்றி டியூபை மாற்றுவதற்கு முன், டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்நுனியில் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். அந்த இடத்தில் வெளிப்பக்கம் பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். நெயில்கட்டர் முனையால் அழுத்தி உள்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். விரலை ஓட்டிப் பார்க்க வேண்டாம், கிழித்துவிடும்.

காற்று அளவுக்கு ஒரு கணக்கு: 70 கிலோ எடையுள்ளவர், 2.1 அல்லது 2.2 அங்குல டயர், டியூபோடு என்றால் மண் பாதைக்கு 30 பி.எஸ்.ஐ. (பம்ப் மீட்டரில் காட்டும் காற்றழுத்த அளவு) சுற்றி, தார் ரோட்டுக்கு 40. டியூப்லெஸ் என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். கல் போல அடித்துவைத்தால் சரளையில் வழுக்கும். மீட்டர் வைத்த கால் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

மூன்றாம் படி: கருவிகள், வாங்க வேண்டிய வரிசையில்

ஹெல்மெட் முதலில். அதற்குப் பிறகு லைட். கிருஷ்ணகிரியில் ஜூன் தொடக்கத்தில் 5.50 வாக்கில் சூரியன் உதிக்கும். ஜனவரி கடைசியில் 6.40 ஆகிவிடும். அதாவது மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக்காரர்களின் நேரம் முழுக்க இருட்டில்தான். முன்பக்கம் 400 லூமன் (வெளிச்சத்தின் அளவு) ரோட்டுக்குப் போதும்; இருட்டில் மண் பாதை என்றால் 800-க்குக் குறையாமல் வேண்டும். பின்பக்கச் சிவப்பு லைட் பகலிலும் மின்னட்டும். பெங்களூரு, சேலம், சென்னை நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊர் இது. சர்வீஸ் ரோட்டில் இரண்டு நிமிடம் போனாலும் பின்னால் வருகிற லாரிக்காரர் கண்ணில் நாம் பட்டாக வேண்டும்.

மூன்றாவது, கையிலிருக்கும் கைபேசியே. கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு ஒரு மணி நேர நேரடி இருப்பிடம் அனுப்பிவிட்டால் "எங்க இருக்கீங்க?" என்ற போன் வராது; நடுவழியில் நின்று எடுக்கவும் வேண்டாம். கூகுள் மேப்ஸில் நம் பகுதியை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் சிக்னல் போய்விடும். கைபேசியை ஹேண்டில்பாரில் மாட்டாமல் இடுப்புப் பையில் போடுங்கள்; கரட்டில் ஒருமுறை விழுந்தால் திரை போய்விடும். ஓட்டிய பாதையைப் பதிந்து மற்றவர்களோடு பகிரும் ஸ்ட்ராவா மாதிரி ஆப் பயன்படுத்துகிறவர்கள் புறப்படும் இடத்தை மறைக்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். வீடு எங்கே, எந்த நேரம் ஆள் இருக்க மாட்டார் என்பதை ஊருக்கு அறிவிக்க வேண்டாம்.

ஸ்மார்ட் வாட்ச்சா, ஹேண்டில்பாரில் மாட்டி வேகமும் தூரமும் பார்க்கும் சைக்கிள் கம்ப்யூட்டரா என்று பலர் கேட்கிறார்கள். குடும்பஸ்தருக்கு வாட்ச். சைக்கிளில் இல்லாத நேரத்திலும் நடையையும் தூக்கத்தையும் அது காட்டும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கரடுமுரடான பாதையில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் இதயத் துடிப்பைப் படிக்கும் விளக்கு தடுமாறும், காட்டும் எண் தாறுமாறாகப் போகும். சரியான எண் வேண்டும் என்றால் நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டை. புது வாட்ச்சுக்கு மாறுவதைவிட அது மலிவு. சைக்கிளில் இருக்கும்போது வீட்டு எண்களைத் தவிர மற்ற அறிவிப்புகளை மூடிவையுங்கள்.

காதை அடைக்கும் இயர்போன் வேண்டவே வேண்டாம். நாய், லாரி, யானை மூன்றும் முதலில் காதுக்குத்தான் தெரியும்.

கருவி கூடக் கூட சார்ஜ் போடும் வேலையும் கூடும். அதற்கு ஒரே இடம், ஒரே நேரம். பல வாய் உள்ள சார்ஜர் ஒன்றை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் நிரந்தரமாக வைத்து, சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது எல்லாவற்றையும் மாட்டிவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கூடை: ஹெல்மெட், கையுறை, பாட்டில், கை பம்ப், டயர் லிவர், மாற்று டியூப், மல்டி டூல், நூறு ரூபாய்த் தாள், ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு. விடியற்காலையில் விளக்குப் போட்டு அலமாரியைத் துழாவி எல்லாரையும் எழுப்புகிறவருக்கு அடுத்த வாரம் அனுமதி கிடைக்காது.

நான்காம் படி: 40 நிமிடத்தில் என்ன ஓட்டுவது

உங்களுக்கு 40 வயதைத் தாண்டியிருந்தாலோ, சுகர், பிபி, நெஞ்சு தொடர்பான தொந்தரவு ஏதாவது இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே இசிஜி எடுக்கலாம்.

வார நாளின் இரண்டு ஓட்டத்தில் ஒன்று நிதானமானது. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் 40 நிமிடம். எண் வேண்டும் என்பவர்களுக்கு: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழித்தால் அதிகபட்சத் துடிப்பின் தோராய அளவு வரும். 40 வயதுக்கு 180. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 108 முதல் 126 வரை. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடும் குறையும் என்பதால் பேச்சுச் சோதனையை நம்புங்கள்.

இன்னொன்று கடுமையானது. 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, ஓர் ஏற்றத்தில் 4 நிமிடம் வீதம் நான்கு முறை மூச்சு வாங்க மிதிக்க வேண்டும்; அவற்றுக்கு நடுவில் மட்டும் 3 நிமிடம் வீதம் மூன்று முறை லேசாக உருட்டல். கடைசியில் 5 நிமிடம் ஆற்றிக்கொண்டு வீடு. கூட்டிப் பார்த்தால் சரியாக 40 நிமிடம். நேரமில்லாதவர்களுக்கு இதைவிடப் பலன் தரும் ஓட்டம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடக் கடும் உழைப்பு இரண்டு நிமிட மித உழைப்புக்குச் சமம் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. ஞாயிறு ஓட்டம் தவறிய வாரத்தில் இது கைகொடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆறு வாரம் நிதானமாக ஓட்டிவிட்டு இதற்கு வாருங்கள்.

வாரம் இரண்டு நாள் 15 நிமிடம் தசைக்கு. ஜிம் தேவையில்லை. தண்டால், பஸ்கி, பிளாங்க். நம் தாத்தாக்கள் போட்ட பஸ்கி சைக்கிளுக்கென்றே செய்த பயிற்சி. தொடைக்கும் இடுப்புக்கும் அதைவிட எளிதான வழி இல்லை. சாதம் வேகும் நேரத்தில் முடித்துவிடலாம். பிள்ளைகள் பார்த்தால் தாமே பக்கத்தில் வந்து போடத் தொடங்குவார்கள்.

சாப்பாட்டுக்குத் தனிப் பொடி எதுவும் வேண்டாம். 40 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஞாயிறு இரண்டு மணி நேர ஓட்டம் என்றால் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், பையில் கடலை மிட்டாய், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. திரும்பி வந்து ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்!

ஐந்தாம் படி: எங்கே போகலாம், எங்கே கூடாது

வார நாளுக்கு வீட்டு வாசலிலிருந்தே தொடங்கும் பாதைதான் சரி. காரில் சைக்கிளை ஏற்றிப் போகும் திட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு. கிருஷ்ணகிரி ஊரிலிருந்து அவதானப்பட்டி ஏரி வழியாக கே.ஆர்.பி. அணை வரை ஏழெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து இடது, வலது கால்வாய்க் கரைகள் மேடு பள்ளம் குறைவான மண் பாதைகள், புதியவர்களுக்கு ஏற்றவை. தண்ணீர் திறந்துவிட்ட காலத்தில் கரை ஈரமாக வழுக்கும், கவனம். தோப்புப் பாதைகள் தனியார் நிலம். ஒருமுறை போய்க் காவல்காரரிடம் "அண்ணா, இந்த வழியா காலைல சைக்கிள்ல போய்க்கலாங்களா?" என்று கேட்டுவிட்டால் பிறகு நாயைக்கூட அவரே அதட்டிவிடுவார். காய்ப்புக் காலத்தில் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பதுதான் மரியாதை.

வத்தல்மலை ஏற்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. தார் ரோடுதான், ஆனாலும் ஹார்டுடெயிலுக்கு நல்ல சோதனை. ஆறு மாதமாவது ஓட்டிப் பழகிய பிறகு போங்கள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறும். வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். தொப்பூர் கணவாய் பக்கம் சைக்கிளில் போகவே வேண்டாம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் இறக்கம் அது.

யானை விஷயத்தில் வீரம் கூடாது. மழைக்காலம் முடிந்து ராகி அறுவடைக்கு நிற்கும் மாதங்களில் பன்னேருகட்டா, காவிரிக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வந்து தங்கும். ராயக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கமும் நடமாட்டம் உண்டு. எந்தக் காட்டில் முகாமிட்டிருக்கின்றன என்று செய்தித்தாளில் வரும், வனத்துறை கிராமங்களில் எச்சரிக்கும். அந்த மாதங்களில் விடியலுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் அந்த ரோடுகள் நமக்கு இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது எந்த மாதமானாலும் குற்றம்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் தடுப்பாக வைத்து நின்றுவிட்டால் பெரும்பாலும் அது திரும்பிவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி. எந்த விபத்துக்கும் 108.

தை, மாசியில் எருது விடும் விழா நடக்கிற ஊர்ப் பக்கம் காலையில் போனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அன்றைக்கு வேறு திசை.

ஆறாம் படி: பராமரிப்பு, பிள்ளைகளோடு

சனி இரவு கருவிகளை சார்ஜில் போட்ட கையோடு காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். செயினைத் துணியால் துடைத்துவிட்டு சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் உலர்வகை எண்ணெயை (டிரை லூப்) கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய், வண்டி ஆயில் வேண்டாம். நம் செம்மண் புழுதி அதில் அப்பிக்கொண்டு பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்கு. அன்றைக்கு வேகமும் துடிப்பும் கணக்கில் இல்லை, வாட்ச்சைக் கழற்றி வைத்தாலும் சரி. ஆறு முதல் ஒன்பது வயதுக்கு 20 அங்குலச் சக்கரம் பொருந்தும். இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட் இருக்கட்டும், வளர்வான் என்று பெரிதாக வாங்க வேண்டாம். கால்வாயில் தண்ணீர் ஓடும் காலத்தில் சிறு பிள்ளைகளோடு கரைப் பக்கம் போகாதீர்கள்; பள்ளி மைதானமோ சந்தடியில்லாத ஊர்ப் பாதையோ போதும். நீங்கள் பின்னால், பிள்ளை முன்னால். எங்கே திரும்புவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

காய்ச்சல், கல்யாணம், மாங்காய் சீசன், அடைமழை என்று மூன்று நான்கு வாரம் சைக்கிள் நிற்பது எல்லா வீட்டிலும் நடக்கும். டியூப்லெஸ் என்றால் அந்த இடைவெளியில் வாரம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள், சீலன்ட் ஒரே இடத்தில் தேங்காது. மறுபடி ஏறும்போது பழைய தூரத்தில் பாதியில் தொடங்கி, முதல் வாரம் நிதான ஓட்டம் மட்டும், இரண்டாம் வாரம் முழுத் தூரம், மூன்றாம் வாரத்திலிருந்து ஏற்றப் பயிற்சி.